மருந்து என்றுதான் நினைத்தேன்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடு; மரவள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தொடர்ந்து இரண்டு வெள்ளாமை அழுகிப் போனது. பிடுங்கினால் கிழங்கு கொழகொழவென்று கையோடு வரும். நாற்றம் காடு முழுக்க அடிக்கும். "இந்தத் தடவயும் போச்சுன்னா நான் ரிக்கு வண்டிக்குப் போயர்றேன் புள்ள" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். போர் போட வடக்கே போகும் வண்டி அது; போனால் வருஷத்துக்கு ஒருமுறை முகத்தைப் பார்க்கலாம். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

வேளாண்மை அலுவலகத்தில் ஒரு மேடம் சூடோமோனாஸ் பவுடர் கொடுத்தார். பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா, நடும் குச்சிகளை இதில் நனைத்து எடுங்கள் என்றார். என் காதில் ஏறியது மருந்து என்பது மட்டும்தான். எங்கள் பக்கம் பூச்சியைக் கொல்வதும் மருந்து, களையைக் கருக்குவதும் மருந்து. ஒருத்தன் விஷத்தைக் குடித்துச் செத்தாலும் "மருந்தக் குடிச்சுட்டான்" என்றுதான் சொல்வோம்.

நடவன்று, "மருந்தக் கலக்கி வெய்யி, தண்ணி கட்டிட்டு வாரேன்" என்று வீட்டுக்காரர் போனார். டிரம்மில் பவுடரைக் கரைத்தேன். வெறும் சுண்ணாம்புத் தண்ணீராகத் தெரிந்தது, நம்பிக்கை வரவில்லை. முன்பு பூஞ்சைக்கென்று வாங்கி மிச்சம் கிடந்த காப்பர் மருந்தையும் அதில் கொட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்ற கெட்டிக்காரத்தனம்! தண்ணீர் நீலமானதும் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நட்ட எட்டாம் மாதம் பிடுங்கினோம். அதே நாற்றம்.

பார்க்க வந்த மேடம், "வேற மருந்து எதாவது கலந்தீங்களா? கலந்தா பாக்டீரியா செத்துப்போயிடும். அதுவும் உயிர்தானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். நீங்க சொன்னபடியேதான் எங்கூட்டுப் புள்ள கலக்குச்சு" என்று எனக்காக அடித்துப் பேசினார் வீட்டுக்காரர். பக்கத்தில் நின்ற நான் குனிந்து அழுகின கிழங்குகளை ஒதுக்கிப் போட்டேன்.

மேடம் போனதும் அவர், "மண்ணே செத்துப்போச்சு புள்ள. இனி எதப் போட்டும் பிரயோசனமில்ல" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், ஆனால் இன்னொரு தடவை ஒழுங்காகச் செய்து பார்க்கலாம் என்று இருந்திருப்பார். அந்த நினைப்புதான் என்னைத் தின்கிறது. நான் சொல்லவில்லை. தை பிறந்ததும் ரிக்கு வண்டி ஏறிவிட்டார்.

இப்போதும் போனில், "அந்தக் காட்ட நம்பாத புள்ள, ஏமாத்திப் போடும்" என்கிறார். "சரிங்க" என்கிறேன்.