தவறிச் சிந்திய காப்பி

நாற்பத்தொரு தடவை. சண்முகசுந்தரி காலண்டர் தாளில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தாள்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி, கடல்பாசியோடு நுண்ணுயிர்களைச் சேர்த்து உயிருள்ள சுவர் வளர்க்கிறது. தொட்டியில் போட்ட பாசித் துண்டுகள் தாமாக ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் நீலமாக ஒளிரும். கரையைக் கடல் அரிக்காமல் தடுக்கத்தான் இத்தனை பாடு. இரண்டு வருடமாக ஒட்டவில்லை. அந்தத் தொட்டிகளைக் கழுவுகிறவள் சுந்தரி, உடன்குடிக்காரி.

நுண்ணுயிர்களுக்குப் போடும் தீனிதான் சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆராய்ச்சியாளர் ஷீஜாவிடம் ஒரு பழைய தொட்டியைக் கேட்டு வாங்கி, கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சூட்டையும் அளவையும் மாற்றி மாற்றி நாற்பது தடவை. எல்லாம் கூழாகிப் போனது. பிறகுதான் உறைத்தது, கடைக் கருப்பட்டியில் பாதி சீனி. அண்ணன் ராஜதுரை பதனீர் காய்ச்சும் விடிலியிலிருந்து சொந்தச் சரக்கைக் கொண்டுவந்தாள். பதனீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு அதில் குறையாமல் இருந்தது. மறுநாள் காலை தொட்டி முழுக்க ஒரே நீலப் பாளம்.

ஷீஜா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, கண்டுபிடிப்புல என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரு. சத்தியம்." எந்தக் கருப்பட்டி என்று கேட்கவில்லை.

நேற்று முதலீட்டாளர் கூட்டம். திரைகளை இழுத்துவிட்டதும் பாளம் ஒளிர்ந்தது, ஒரே கைதட்டல். சுந்தரி புதுச்சேலை கட்டி வாசலோரம் நின்றாள். மைக்கில் ஷீஜா சொன்னாள்: "எங்க கிளீனர் ஒருத்தங்க கருப்பட்டிக் காப்பியைத் தவறிச் சிந்திட்டாங்க. அதைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிச்சேன்."

கூட்டம் சிரித்தது.

தவறி. நாற்பத்தொரு தடவையா ஒருத்தி தவறிச் சிந்துவாள்?

"ஏளா சுந்தரி," என்றாள் கூட வேலை பார்க்கும் முத்துக்கனி, "காப்பி சிந்துனதுக்கே இம்புட்டுக் கைதட்டுன்னா, சாம்பாரைக் கொட்டியிருந்தா ஒரு கப்பலே குடுத்திருப்பானுவளே!"

சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று காலை ஷீஜா தொட்டியடிக்கே வந்தாள். "அக்கா, நேத்து சும்மா ஒரு சுவாரசியத்துக்குச் சொன்னது, மனசுல வச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமைக்குப் பெரிய சுவரா வளர்க்கணும். அந்தக் கருப்பட்டி எந்தக் கடையில வாங்குனீங்க?"

"காப்பிக்குப் போடுதது தான மேடம்? எல்லாக் கடையிலயும் கெடக்கு."

இரண்டு வருடமாக 'ஷீஜாம்மா' என்றே கூப்பிட்டவள் இன்று மேடம் என்றதை ஷீஜா கவனிக்கவில்லை.

மத்தியானம் கம்பெனி வேன் பஜாரிலிருந்து முப்பது கிலோ கருப்பட்டி கொண்டுவந்து இறக்கியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலீட்டாளர்கள் சுவரைப் பார்க்க வருகிறார்கள்.