மை போட்ட கால்

என் மனைவி ஆரம்பப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள். உட்கார்ந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார்கள் என்பாள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் தடித்துச் சுருண்டன. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து, ஏழு மாதமாகியும் ஆறவில்லை. அதை நான் பார்த்ததில்லை. கட்டுத்துணி எத்தனை செலவாகிறது என்று எண்ணித்தான் புண்ணின் போக்கை அறிந்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்குவது அவளால் ஆகாத காரியம், புருஷன் முன்னால்கூட.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்ஃபிலிருந்து வந்த அவள் தம்பி, அங்கே இதற்கு லேசர் வைக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"லேசருண்ணு சொல்லுதாவளே டாக்டரே. அத சேலைக்கு மேலேயே அடிச்சிரலாமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கண்ணுக்கு லேசர் உண்டு டீச்சரே. காலுக்கு இங்க வரல்ல. வந்தாலும் சேலை வழியா போவாது."

கீறி, கெட்ட நரம்பை உருவி எடுப்பதுதான் வழி, இல்லாவிட்டால் புண் பெருகும் என்றார். நின்றால் புடைக்கும் நரம்பு படுத்தால் மறைந்துவிடும். அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளை ஸ்டூலில் நிற்க வைத்து, காலில் மையால் கோடு போட்டார்கள். நான் வெளியே ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் அன்று சாப்பிடவில்லை.

காலையில் தியேட்டருக்குக் கூட்டிப்போக வந்த நர்ஸ் போர்வையை விலக்கினாள்.

"டீச்சரே, டாக்டர் போட்ட கோடு எங்க?"

"குளிச்சப்ப நாரு வச்சு தேச்சுக் கழுவிட்டேன். மையும் கரியுமாட்டு நாலுபேருக்க முன்ன கிடக்கவா? அவரு நேத்தே பாத்தாச்சுல்லா?"

"பாத்தவரு மனப்பாடமா பண்ணி வச்சிருக்காரு? நல்ல டீச்சராக்கும்!"

டாக்டர் வந்தார். மறுபடி நின்றால் இன்றைக்கே செய்யலாம், இல்லையென்றால் அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

"வீட்டுக்குப் போவோம்," என்றாள் என்னிடம். "இன்னொருக்க என்னால ஆவாது."

காய்ச்சல், சீழ், காலையே எடுக்கவேண்டி வந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த கேடுகளையெல்லாம் அடுக்கினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நர்ஸ்தான் என்னை நிறுத்தினாள். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவரை வெளியே அனுப்பினாள், கதவைச் சாத்தினாள், ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டாள். "சாரும் வெளிய இருங்க."

நான் கதவுவரை போய்விட்டேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் மனைவி. "நீங்க போவாண்டாம். ஸ்டூல் ஆடுது."

குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஏறி நின்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்தக் கால்களை வெளிச்சத்தில் அன்றுதான் பார்த்தேன். நீலமும் கருஞ்சிவப்புமாக, விரல் பருமனில் முடிச்சு முடிச்சாக. இதை வைத்துக்கொண்டா தினமும் பஸ்ஸுக்கு ஓடினாள்? அவள் கை என் தோளில் அழுந்தியிருந்தது. டாக்டர் மண்டியிட்டு நிதானமாக வரைந்து முடித்தார். பேனாவை மூடினார்.

"முடியல்ல டாக்டரே," என்றாள். "பின்பக்கம் ஒண்ணு விட்டுப்போச்சு."

அவளே திரும்பி நின்று, ஆஸ்பத்திரி அங்கியின் ஓரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இதாக்கும் ராத்திரி கிடந்து கடுக்குது. இதையும் போடுங்க."