சான் எலியாஸின் கீழச் சித்திரை வீதி

சான் எலியாஸ் என்ற ஊரில் மலர்க்கொடிக்குத் தெரியாத சந்து கிடையாது. எந்த வீட்டுக் கொல்லையில் மாமரம் நிற்கிறது, எந்தக் கூரையில் தகரம் புதுசு, எந்தத் தெரு எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த ஊர் இருப்பது மத்திய அமெரிக்காவில், ஹோண்டுராஸும் எல் சால்வடோரும் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் ஒரு மலையடிவாரத்தில். மலர்க்கொடி இருப்பது திருச்சி எடமலைப்பட்டி புதூரில். விமானத்துக்கும் அவளுக்கும் உள்ள உறவு, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

பிறந்தது மணப்பாறைப் பக்கம். அப்பா பிச்சை சந்தையில் மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கும் முன்னால் கேட்பது, "எந்த ஊரு, யாரு வீட்டு மாடு?" என்பதுதான். பதில் சரியாக வராவிட்டால் காமதேனுவே வந்தாலும் கயிற்றைத் தொடமாட்டார். "பேரு ஊரு தெரியாதது எதையும் உள்ள சேக்கக் கூடாது தாயி" என்பார். மகள் அதைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தாள்.

பி.ஏ. வரலாறு படித்தாள். ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டும் பாலுவைக் கட்டிக்கொண்டாள். வேலைக்குப் போனாள், ஆனால் அவள் சேர்ந்த இடமெல்லாம் ஆறே மாதத்தில் மூடின. முதலில் ஜெராக்ஸ் கடை, அப்புறம் துணிக்கடை, அப்புறம் ஒரு பல் கிளினிக். "நீ போய்ச் சேந்தா கோயிலைக்கூட நடை சாத்திருவாங்க போல" என்று பாலு கிண்டலடிப்பான். நாலாவதாகக் கிடைத்ததுதான் தில்லை நகரில், ஓட்டலுக்கு மேல்மாடியில் இயங்கும் வரைபடக் கம்பெனி. வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் பார்த்து, சாலைகளை எலியால் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களின் போன்களில் வழிகாட்டும் வரைபடம் இப்படித்தான் பிறக்கிறது, கீழே தாளிக்கும் சாம்பார் வாசனையோடு!

மூன்று வருஷமாகக் கான்ட்ராக்ட். இந்தப் பங்குனியில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். போட்டோ போட்ட அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போகிறவளுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சொல்லவே வேண்டாம்.

சான் எலியாஸ் அவளுக்கு வந்த கதை தனி. எல்லையில் இருக்கும் ஊரை யாரும் தொடமாட்டார்கள். ஒரே தெருவைப் பாதியில் நிறுத்தி, கணினியில் நாட்டை மாற்றி மீதியைப் போட வேண்டும், இரட்டை வேலை. தள்ளித் தள்ளி அது மலர்க்கொடி மேஜையில் வந்து விழுந்தது. வரலாறு படித்தவள் சும்மா இருப்பாளா? தேடித் தேடிப் படித்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாலுவுக்கு ரசத்தோடு சேர்த்து அதுவும் கிடைக்கும்.

"ஏங்க, அறுவத்தொம்பதுல ரெண்டு நாடும் நாலே நாள் சண்ட போட்டுச்சுங்க. அப்புறம் இருவத்திமூணு வருசம் கழிச்சு, ஐரோப்பாவுல ஒரு கோர்ட்டு எல்லைக் கோட்ட போட்டுச்சு. அந்தக் கோடு நம்ம ஊரு நடுவுல போவுது. ஒருத்தர் வீட்டுல அடுப்பங்கரை ஹோண்டுராஸு, கக்கூஸு எல் சால்வடோரு."

"அவசரத்துக்கு பாஸ்போர்ட்டு வேணுமா?" என்றான் பாலு.

"சிரிக்காதீங்க. இந்தப் பக்கம் லெம்பிரா, அந்தப் பக்கம் டாலரு. பஜார்ல கட்டுக்கட்டா நோட்ட வச்சுக்கிட்டு மாத்தி விடுறாங்க. ஊருல ஓடுறது பூரா நம்ம ஆட்டோதான், தெரியுமா? இங்கேர்ந்து கப்பல்ல போனது!"

அதைக் கேட்டதிலிருந்து பாலுவுக்கும் அது சொந்த ஊராகிவிட்டது.

ஒரே ஒரு குறை. சான் எலியாஸில் தெருக்களுக்குப் பெயரே இல்லை. "இலவ மரத்துலேர்ந்து ரெண்டு தெரு மேல, பச்சை கதவுக்கு எதிர்ல" என்பதுதான் அங்கே விலாசம். கம்பெனியின் மென்பொருளோ பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்ததுக்கே நகராது. தற்காலிகமாக ஏதாவது போடலாம் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். பக்கத்து சீட்டு லூர்துராணி தன் ஊர்களுக்கெல்லாம் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று போட்டுத் தள்ளினாள். பிச்சை மகளுக்குக் கை வரவில்லை. திரையைப் பார்த்தாள். நடுவில் கோயில், அதாவது சர்ச். சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெரு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! கடகடவென்று தட்டினாள். கோயிலை ஒட்டிய நாலும் உத்தர வீதி. அடுத்த சுற்று சித்திரை வீதி. அதற்கும் வெளியே அடையவளஞ்சான். கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று முன்னால் சேர்த்தாள். பதினைந்து நிமிஷத்தில் ஊர் ஸ்ரீரங்கமாகிவிட்டது.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தாள். லூர்துராணி போட்ட எக்ஸ் எல்லாவற்றையும் கம்பெனி மெஷின் குப்பை என்று கண்டுபிடித்துத் துடைத்தது. மலர்க்கொடி போட்டது பெயர் மாதிரியே இருந்ததால் சலாம் போட்டு உள்ளே விட்டுவிட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து, பங்குனி பிறந்த வாரம், மேற்பார்வையாளர் நவநீதன் வெளிறிப்போய் வந்தான். அவளைவிடப் பத்து வயசு சின்னவன்.

"அக்கா, க்ளையன்ட் மெயில் போட்டிருக்கான். சான் எலியாஸ் தெருப்பேரு எந்த ரெக்கார்டுலயும் இல்லையாம். நேர்ல ஆள அனுப்பி ஊர்க்காரங்ககிட்ட கேக்கப் போறான். மூணு பேராவது அதே பேர சொல்லணும். இல்லேன்னா போட்டவங்கள வேலைய விட்டு எடுக்கணுமாம். எங்கேர்ந்துக்கா எடுத்தீங்க?"

"உள்ளூர் வழக்கம் சார்" என்றாள் மலர்க்கொடி. எந்த உள்ளூர் என்று அவன் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாலு மட்டும் தைரியம் சொன்னான். "நாலாவது எடத்த மூடல, உன்னையத்தான மூடுறாங்க. ஒரு முன்னேற்றம்தானே!" தட்டு பறந்தது.

விசாரணை வீடியோவில் வந்தது. அங்கே காலை ஏழு, இங்கே மாலை ஆறரை. ஆய்வாளர் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மலர்க்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. அதோ இலவ மரம்! அதோ பச்சைக் கதவு! அதோ பாலுவின் ஆட்டோ, நிறம் மட்டும் சிவப்பு! முதல் முறையாகத் தன் ஊரைத் தரையில் நின்று பார்க்கிறாள், வேலை போகப்போகிற நேரத்தில். கண் நிறைந்துவிட்டது.

மூலையில் எல்வீரா என்றொரு அம்மா, உள்ளே பயறு வைத்துச் சோள அடை தட்டிக்கொண்டிருந்தார். இது என்ன தெரு என்று ஆய்வாளர் கேட்டார். எல்வீரா அடையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "கீலா சித்திரே" என்றார்.

தில்லை நகர் மாடியில் நாற்காலிகள் எல்லாம் திரைப் பக்கம் நகர்ந்தன. எல்வீரா மேலே மேலே பேச, திரையடியில் ஓடிய ஆங்கிலத்தை லூர்துராணி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பேரு வைக்க முப்பது வருசமா அடிச்சுக்கிட்டோம். அந்தப் பக்கத்துக்காரங்க அவங்க தளபதி பேர வைக்கணும்னாங்க, நாங்க எங்க தளபதி பேர. ஒரே தெருவுக்கு ரெண்டு தளபதி எப்படி? ஒரு நாளு போனப் பாத்தா பேரு தானா வந்திருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் அர்த்தம் தெரியல. அப்ப ரெண்டு பக்கத்துக்கும் ஆட்சேபணை இல்ல. சித்திரேன்னா ஒரு புண்ணியவதியாம், சண்டைல ரெண்டு நாட்டு சிப்பாய்க்கும் தண்ணி குடுத்தாளாம். எங்க வாத்தியாரு சொன்னாரு. ஏப்ரல்ல திருவிழா கூட எடுக்குறோம்."

ஏப்ரலில்! சித்திரையில்! ஆய்வாளர் அப்புறம் ஆறு பேரைக் கேட்டார். ஆறு பேரும் பெயரைச் சரியாகச் சொல்லி, புண்ணியவதியைக் கும்பிட்டும் காட்டினார்கள். சுவரில் நீல எழுத்தில் பலகை தொங்கியது. மலர்க்கொடி துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாள்.

மறுவாரம் நிரந்தர ஆர்டர் வந்தது. அதோடு நிரந்தர ஊழியராக அவளுக்கு முதல் வேலையும் வந்தது. திரையில் சிவப்பு எச்சரிக்கை. "இந்தியா, ஸ்ரீரங்கம். இங்குள்ள பன்னிரண்டு தெருப்பெயர்கள் சான் எலியாஸிலிருந்து காப்பியடிக்கப்பட்டதாகச் சந்தேகம். நீக்கவா?"

மலர்க்கொடிக்கு வியர்த்தது. ஸ்ரீரங்கம்தான் அசல் என்று எழுதினால் வேலை போகும். நீக்கு என்று அமுக்கினால், ஸ்ரீரங்கமே போகும். அரங்கனுக்கு யார் பதில் சொல்வது? கடைசியில் "இரண்டும் அசல், நேரில் போய்க் கேட்கவும்" என்று எழுதி அனுப்பினாள்.

கேட்க ஆள் வந்தார். கீழச் சித்திரை வீதியில் நின்று பூக்காரம்மாவிடம் இது என்ன தெரு என்றார். "தேரு நிக்குது பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம்" என்றார் அந்தம்மா. அடுத்தவர், "காப்பிக் கடைக்கு எதுத்தாப்ல" என்றார். மூன்றாமவர், "நீங்க எங்க போகணும், அதச் சொல்லுங்க" என்றார். பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

நாலாவதாக மாட்டியது பாலு. இல்லை, மாட்டுவதற்காகவே காலையிலிருந்து அங்கே ஆட்டோவை நிறுத்தியிருந்தான். கூடவே ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு பேர், காப்பி வாங்கிக் கொடுத்துச் சொல்லிப் பழக்கி வைத்தவர்கள்.

"கீழச் சித்திரை வீதி சார்" என்றார்கள் மூன்று பேரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

"யார் வைத்த பெயர்?"

"அது சார்..." பாலு கோபுரத்தைப் பார்த்தான், ஆய்வாளரைப் பார்த்தான். "சித்திரைன்னு ஒரு புண்ணியவதி சார். சண்டையில ரெண்டு பக்கத்துக்கும் தண்ணி குடுத்தவங்க."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மலர்க்கொடியின் வேலையும், ஸ்ரீரங்கமும் நிலைத்தன.