யாரும் பார்க்கக் கூடாதுன்னு நான் பண்ணின ஜெபம்

சபையாரே, ஆண்டவர் எங்க குடும்பத்துக்குச் செஞ்ச நன்மையச் சொல்லத்தான் இத எழுதுறேன். ஆனா மொதல்ல என் அசிங்கத்தச் சொல்லிடுறேன். அத மறைச்சா இது சாட்சியே இல்ல.

எங்க மக ஷாலினி நடக்க ஆரம்பிச்சப்போ ஒன்னேகால் வயசு. நானும் எங்க வீட்டுக்காரரும் கை தட்டிச் சிரிச்சோம். ரெண்டாவது நாளே கவனிச்சேன். வலது கால ஊனும்போது ஒடம்பு அந்தப் பக்கமா சாயும். குதிகால் தரையில படாது, நுனிவிரல்லயே நிப்பா. வலியும் இல்ல, அழுகையும் இல்ல. சிரிச்சிக்கிட்டே அப்படி நடந்தா. 

நான் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ. வேலைக்குப் போகும்போது தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டுப் போவேன். ஒருநாள் கொழுந்து நிறுக்கிற எடத்துல, எங்க லயத்துல அதே வரிசை வீட்டுல இருக்கிற ஒருத்தி என் புள்ள மாதிரியே நடந்து காட்டினா. இடுப்ப ஆட்டி ஆட்டி, வாத்து மாதிரி. கூட நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. த்தூ! பால்குடி மறக்காத புள்ளய வச்சா சிரிக்கிறது? அவ மூஞ்சியப் பார்த்தாலே எனக்குக் கொமட்டிச்சு.

அதோட விட்டாங்களா? "வயித்துல இருக்கயில நீ கெரகணத்தப் பார்த்திருப்ப"ன்னா ஒருத்தி. ஜெபம் பண்ண வந்த ஒரு பெரிய மனுஷன், "உங்க பரம்பரையில யாரோ செஞ்ச பாவம், அறிக்கை பண்ணுங்க"ன்னார். டீயக் குடிச்சு, பிஸ்கட்டையும் காலி பண்ணிட்டுத்தான் அதச் சொன்னார்.

அவங்கள விடுங்க. நான் என்ன செஞ்சேன்? ஆயாகிட்ட, "இவள நடக்க விடாதீங்க, தொட்டில்லயே போட்டு வைங்க"ன்னு சொன்னேன். நடக்கத் துடிக்கிற புள்ளய! மாசாமாசம் புள்ள நிறுக்கிற கிளினிக்ல நடக்க விடச் சொல்வாங்கன்னு பயந்து, காய்ச்சல்னு பொய் சொல்லி ரெண்டு மாசம் கொண்டு போகல. எங்க வீட்டுக்காரர் கெஞ்சினார். "டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் காட்டுவோம் புள்ள." "ஏன், பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவனெல்லாம் பார்த்துச் சிரிக்கவா?"ன்னு கத்தினேன். தெனமும் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இவளச் சொகமாக்குங்க"ன்னா கேட்டேன்? இல்ல. "யார் கண்ணுலயும் படாம மறைச்சிருங்க"ன்னு கேட்டேன். இப்ப நெனைச்சாலும் என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு.

அறுப்பின் பண்டிகை அன்னைக்கு ஞாயித்துக்கெழம. கோயில் நெறைய சனம். பீடத்துக்கு முன்னால முட்டைக்கோவா, கரட், வாழைக்குலைன்னு குவிச்சிருந்தாங்க. ஷாலினிய மடியில இறுக்கிப் புடிச்சிருந்தேன். காணிக்கை எடுக்கக் கைய எடுத்த நேரம், வழுக்கி எறங்கிட்டா. நடுவழியில சாய்ஞ்சு சாய்ஞ்சு, வாழைக்குலையப் பார்த்துப் போறா. பின்னால யாரோ களுக்குன்னு சிரிச்சது கேட்டுச்சு.

நான் எந்திரிக்கல. வேற யாரோ பெத்த புள்ள மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டேன்.

முன் வரிசையில இருந்து ஒரு அம்மா எந்திரிச்சு வந்தாங்க. உடப்புசல்லாவையில மிட்வைஃப் வேலை பாக்கிறவங்க, தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாங்க. புள்ளய வாரி எடுத்து, "இவ அம்மா யாரு?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கையத் தூக்கினார்.

ஆராதனை முடிஞ்சதும் பாயில படுக்க வச்சு, ரெண்டு முழங்காலையும் மடக்கிக் காட்டினாங்க. ஒன்னு ஒசரம், ஒன்னு தாழ்வு. "இது பாவமும் இல்ல, கெரகணமும் இல்லம்மா. இடுப்பு மூட்டு வெலகியிருக்கு. நாளைக்கே போங்க. முன்னாடியே கவனிக்கலயா?" நான் "இல்ல"ன்னேன். கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டே பொய். எங்க வீட்டுக்காரர் என்னைய ஒரு பார்வை பார்த்தார், காட்டிக் கொடுக்கல.

மறுநாளே டிக்கோயா, அங்கயிருந்து கண்டி. ஆபரேஷன். அப்புறம் நெஞ்சுல இருந்து பாதம் வரைக்கும் பிளாஸ்டர் கட்டு, மாசக்கணக்குல. மூத்திரம் எறங்கி நாறும். வந்து பார்த்தவங்க மூக்கப் பொத்தினாங்க. நான் அதுலயே மொகத்த வச்சுப் படுத்து அழுதேன். நாள் போயிருந்தா கஷ்டமாயிருக்கும்னு டாக்டர் சொன்னார். நான் கேட்டத ஆண்டவர் கேட்டபடியே கொடுத்திருந்தா, என் புள்ள காலத்துக்கும் நொண்டியிருப்பா. கோடி ஸ்தோத்திரம், அவர் நான் கேட்டதக் கொடுக்கல. என் புள்ளைக்கு வேண்டியதக் கொடுத்தார்.

இப்ப அவளுக்கு மூனு வயசு. குதிகால் பதிய நடக்கிறா. லயத்துக்கே கேக்கிற மாதிரி ஓடுறா.

போன வாரம், அன்னைக்கு என் புள்ள மாதிரி நடந்து காட்டினவ எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. அவ மகனுக்கு ரெண்டு வயசாகியும் பேச்சு வரல. "அக்கா, வெளிய சொல்லாதீங்க. யாருக்கும் தெரியாம ஜெபம் பண்ணுங்க"ன்னு அழுதா. பழைய கோவம் பொங்கி வந்துச்சு. ஆனாலும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன்.

"அந்த ஜெபத்த மட்டும் பண்ண மாட்டேன்டி. நாளைக்குக் காலையில பஸ்ஸுக்கு வா, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவோம். புள்ளய நான் தூக்கிக்கிறேன்."

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு புள்ள இருந்தா, ஆண்டவர நம்பி வெளிய கூட்டிட்டு வாங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.