முட்டை போடாத பின்னல் பாண்

நீர்வேலியில் பிறந்து, பேர்லின் நொய்கெல்னில் ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் வாழ்ந்து, கடந்த மாதம் எங்களைப் பிரிந்துபோன எங்கள் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அத்தானும் பிள்ளைகளும் என்னைக் கேட்டார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவரிடம் அதிகம் ஏச்சு வாங்கியவனும் நான்தான் என்பதால், இந்தப் பொறுப்பு எனக்குப் பொருத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்று முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில், மாவைத் தலைப்பின்னல்போல் பின்னிச் சுட்ட ஒரு பாணைச் சாப்பிட்டிருப்பீர்கள். அதைத் தமிழ்க் கடையில் வாங்கியது என்று சிலர் நினைத்திருந்ததாகச் செத்தவீட்டன்றுதான் அறிந்தேன். நல்லவேளை, அது அக்காவின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் உங்களை ஒரு கை பார்த்திருப்பார். அந்தப் பாண் எப்படி வந்தது என்று சொன்னால் அக்கா எப்படிப்பட்டவர் என்பதும் விளங்கும். ஆனபடியால் அதையே எழுதுகிறேன்.

அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். அயலில் இருந்த பெண் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைத் தைத்துத்தான் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு கலியாணம் ஆனது. நாட்டில் நிலைமை மோசமானதும் அத்தானும் அக்காவும் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் புகுந்து, அகதிகள் விடுதியில் ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தார்கள்.

அடுத்த வருடம் நான் புறப்பட்டேன். வழியில் மாஸ்கோவில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லவும் வழி இருக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில், விடுதிச் சுவரில் தொங்கிய கலண்டர் முருகனிடம் அக்கா ஒரு நேர்த்தி வைத்தார். தம்பி உயிரோடு வந்து சேர்ந்தால், ஆயுள் உள்ளவரை வெள்ளிக்கிழமைகளில் மீனோ இறைச்சியோ முட்டையோ உண்பதுமில்லை, கையால் தொடுவதுமில்லை என்று. நான் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து எந்த வெள்ளியும் தவறவில்லை. சமையலறையில் விரதச் சட்டிகள் ஒரு தட்டிலும் மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கிற சட்டிகள் இன்னொரு தட்டிலும் இருந்தன. மாற்றி எடுத்தவர்கள் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அக்கா ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை செய்தார். பாண் சுடும் தகரத் தட்டுகளைக் கழுவும் வேலை. கழுவினாரே தவிர, கண் முழுக்க மா பிசைகிறவர்களின் கையில்தான் இருந்தது. நாலைந்து வருடத்தில், சுடுகிறவர்களுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி தட்டுக் கழுவிய அக்காவுக்கும் தெரியும். மீதிக் கால்வாசியும் தனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்தார்.

அக்கா வீட்டுக்கு ஒரு மாடி கீழே லியூபா இருந்தார். உக்ரைனிலிருந்து தொண்ணூறுகளில் வந்த யூதக் குடும்பம். அக்காவின் வயதுதான் அவருக்கும். இருவரும் உடைந்த ஜேர்மன் மொழியில் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். இலக்கணம் தெரியாத இரண்டு பேர் அப்படி விளங்கிக்கொண்டதை நான் வேறெங்கும் காணவில்லை. லியூபாவின் நாட்டில் முன்பு அரசாங்கம் சமயம் அனுசரிக்க விடவில்லை. அதனால் யூதர்களின் பழக்கவழக்கங்கள் அவருக்கே சரியாகத் தெரியாது. அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இருந்தது.

உலகக் கிண்ணக் கால்பந்தாட்டம் ஜேர்மனியில் நடந்த வருடத்து மார்கழியில் லியூபாவின் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருந்தார்கள். இந்த நாட்டிலேயே பரம்பரையாக வாழ்ந்த யூதர்கள், ஆசாரம் பார்க்கிறவர்கள். அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முதல்முறையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. வெள்ளி மாலை பொழுது பட்டதும் யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அந்தச் சாப்பாட்டு மேசையில் பின்னல் போட்ட இரண்டு பாண் இருக்க வேண்டும். லியூபா முன்பு ஒருமுறை சுட்டுப் பார்த்தது பொத்திய கை மாதிரி வந்ததாம். ரஷ்ய மொழி பேசுகிற இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சம்பந்தி வீட்டார் நினைத்துவிடுவார்களோ என்று அவர் அழுதிருக்கிறார். சம்பந்தி வீடு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா எழும்பி நின்றுவிட்டார். பாணுக்குத் தான் பொறுப்பு என்றார்.

யூதர்களின் பிரார்த்தனை மண்டபத்தில் ஒரு பெண் எழுதிக் கொடுத்த செய்முறைக் குறிப்பை லியூபா வாசித்துக் காட்டினார். மா, ஈஸ்ட், முட்டை, சீனி, உப்பு, எண்ணெய். எண்ணெய் என்றதும் அக்காவின் முகம் கோணியது. சம்பந்தி வருகிற வீட்டில் எண்ணெயில் சுட்ட பாணா என்று எங்களிடம் வந்து கேட்டார். லியூபாவிடம் கேட்கவில்லை, அங்கேதான் பிழை. வெள்ளியன்று முட்டை தொட முடியாததால் வியாழனே தன் வீட்டில் சுட்டார். எண்ணெய்க்குப் பதில் நல்ல வெண்ணெய், தண்ணீருக்குப் பதில் பால். நாலு புரி போட்டுப் பின்னுவதற்கு, முதல் நாள் கதிரையில் நாலு துவாயைக் கட்டிப் பழகியிருந்தார். பாண் பொன்னாக வந்தது. அன்று முழுவதும் அக்காவோடு யாரும் கதைக்க முடியவில்லை, அவ்வளவு பெருமை.

வெள்ளி காலை பத்து மணிக்கு அக்காவும் நானும் பாணைக் கீழே கொண்டுபோனோம். லியூபா கோழி சூப் வைத்துக்கொண்டிருந்தார். பாணை மணந்து பார்த்து, இவ்வளவு வாசம் எப்படி வந்தது என்று கேட்டார். வெண்ணெயும் பாலும் என்று அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். லியூபா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இறைச்சி வைக்கிற மேசையில் பால் கலந்தது எதுவும் வரக்கூடாது, சம்பந்தி வீட்டார் கண்டால் எழும்பிப் போய்விடுவார்கள் என்றார். ஜேர்மன்காரருக்கு இதை விளங்கப்படுத்த அரைநாள் வேண்டும். வீட்டில் இரண்டு வகைச் சட்டி வைத்திருந்த அக்காவுக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. அவருடைய முகம் கறுத்துப்போனது. சிநேகிதியின் மானத்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாகச் சொன்னார். அக்கா தன் பிழையை ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

மார்கழியில் நான்கு மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். அதற்குள் புதிய பாண் சுட வேண்டும். குறிப்பிலோ முட்டை இருந்தது, நாளோ வெள்ளி. முட்டையைத் தானே உடைத்துப் போடுவதாக லியூபா சொன்னார். முட்டை விழுந்த மாவையும் தொட முடியாது என்றார் அக்கா. எனக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மா தொடுங்கோ அக்கா. இருபது வருசம் இருந்திட்டியள். ஒரு நாளிலை என்ன வரப்போகுது?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "உனக்காண்டி நேர்ந்தது. உனக்கு ஒண்டு நடந்தா, பிறகு நான் ஆரைக் கேக்கிறது? ஏலாது தம்பி."

நான் முட்டைகளை எடுத்துத் திரும்ப லியூபாவின் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன்.

மேலே அக்கா வீட்டில் மத்தியானக் கறிக்கு உருளைக்கிழங்கு அவித்து வைத்திருந்தது. அக்கா திடீரென்று படியேறிப் போய் அந்தக் கிழங்கோடு திரும்பினார். பேக்கரியில் கிழங்கு மசித்துப் போட்டு ஒரு பாண் சுடுவார்கள், அது முட்டை இல்லாமலே மெத்தென்று இருக்கும் என்றார். லியூபா பிரார்த்தனை மண்டபத்துப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார். முட்டை கட்டாயம் இல்லை, ஆனால் லியூபாவின் வீட்டிலேயே சுட வேண்டும், பாண் சுடும் போறணையை அவரே மூட்ட வேண்டும், பிசைந்த மாவில் ஒரு துண்டை அவரே கிள்ளி ஒதுக்க வேண்டும் என்று பதில் வந்தது. நாங்கள் சாப்பிட முதல் சாமிக்கு ஒதுக்குவதுபோல என்று அக்கா உடனே விளங்கிக்கொண்டார். இந்தமுறை குறிப்பில் சொன்னபடி எண்ணெயே ஊற்றினார். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார்.

குளிருக்கு மா பொங்க மறுத்தது. சட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து என்னைக் காவல் இருத்தினார். பன்னிரண்டரைக்குப் பின்னி, ஒன்றரைக்குப் போறணையில் வைத்து, இரண்டு மணிக்கு வெளியே எடுத்தார்கள். முட்டை பூசாததால் மேலே பளபளப்பு இல்லை. சீனி போட்ட தேத்தண்ணீரைப் பூசியும் முதல் நாள் வந்த பொன்னிறம் வரவில்லை. மேலே கசகசாவைத் தூவினார்கள். லியூபாவின் கண்ணில் பயம் போகவில்லை.

மூன்று மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். எங்களையும் இருக்கச் சொல்லி லியூபா பிடிவாதமாக நின்றார். தோற்றால் தனியாகத் தோற்க அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன். மெழுகுதிரி ஏற்றி, பிரார்த்தனை முடிந்து, எண்பதை நெருங்கிய மாப்பிள்ளையின் தகப்பனார் பாணை மூடியிருந்த துணியை எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். லியூபா அவசரமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இதில் முட்டை இல்லையா என்று கேட்டார். இல்லை, கிழங்கு போட்டது என்று அக்கா சொன்னார்.

அவர் உட்கார்ந்துவிட்டார். இந்த நாட்டு யூதர்கள் பழைய காலத்தில் வெள்ளிக்கிழமைக்குச் சுட்ட பாண் இதுதான் என்றார். முட்டை இல்லை, கிழங்கு உண்டு, மேலே கசகசா உண்டு. அவருடைய தாயார் கெல்சென்கிர்ச்சனில் இப்படித்தான் சுடுவாராம். பத்து வயதில் கடைசியாகச் சாப்பிட்டதாகவும், அதற்குப் பிறகு தாயாரும் இல்லை, அதைச் சுட ஊரில் ஆட்களும் இல்லை என்றும் சொன்னார். யார் சொல்லித்தந்தது என்று லியூபாவைக் கேட்டார். லியூபா அக்காவைக் காட்டினார்.

பெரியவர் பாணைப் பிய்த்து, உப்பில் தொட்டு, மனைவிக்குக் கொடுத்தார். அடுத்த துண்டை எங்கள் அக்காவிடம் நீட்டினார். நேர்த்தி வைத்த வெள்ளிக்கிழமையில், கோழி சூப் ஆவி பறக்கிற மேசையில், அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டார். நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வசந்தத்தில் நடந்த கலியாணத்துக்கு முழ நீளப் பாணை அக்காவே பின்னினார். பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து முன்வரிசையில் இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் லியூபாவின் போறணையில் நாலு பாண். இரண்டு கீழே, இரண்டு மேலே. மாலையில் லியூபாவின் மேசையில் அக்காவுக்கு ஒரு கதிரை நிரந்தரமாகியது. முருகன் கோயிலில் யார் சந்தித்தாலும் இந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பாண் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது.

போன வருடம் புற்றுநோய் வந்தது. வைத்தியசாலையிலும் வெள்ளி வெள்ளிதான். முட்டை சாப்பிட்டால் தெம்பு வரும் என்ற தாதியிடம், வியாழனும் சனியும் தாருங்கள் என்றார். ஐம்பத்தொரு வயதில், நேர்த்தியில் ஒரு நாளும் குறையாமல் போனார். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்காக அவர் விரதம் இருந்த வெள்ளிகளில், வேலையிடத்துக்குப் பக்கத்தில் நான் கோழிக் கெபாப் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல.

அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலருகே இருந்த அத்தானுக்கும், கிரியைகளை ஒழுங்காக நடத்தித் தந்த ஐயருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த உறவினர்களுக்கும், கெல்சென்கிர்ச்சனிலிருந்து தள்ளாத வயதில் ரயிலேறி வந்து அக்காவின் தலைமாட்டில் நின்ற பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

லியூபாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. போன கிழமை படியில் என்னை மறித்தார். தன்னுடைய மேசையில் அந்தக் கதிரையை எடுக்கவில்லை என்றார். வெள்ளிக்கிழமை நான் வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்காவிடம் பழகிய தமிழில் கேட்டார்.

"விரதமோ?"

"ஓம்" என்றேன்.