நான் தொடாத சட்டம்

எங்கள் குப்பத்துக்குச் சட்டம் எழுதினவன் என் கொழுந்தன். டைப் அடித்துப் பதினோரு பக்கம்.

அதுவரை எழுத்தில் எதுவும் கிடையாது. எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. அதைப் பாடு என்போம். புருஷன் செத்தாலும் பாடு அந்த வீட்டுக்குத்தான். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். ஆள் வைத்து நான்தான் கட்டுகிறேன். எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

புதுச் சட்டத்தில் தலைக்கட்டு, அதாவது வீட்டுக்குத் தலை, என்றால் ஆம்பளை. அவனுக்குத்தான் ஓட்டு, அவனுக்குத்தான் பாடு. ஆம்பளை இல்லாத வீட்டுப் பாடு சங்கத்துக்கு. சங்கத்துக்குத் தலைவர் யார்? கொழுந்தன்தான்.

அம்மன் கோயில் வாசலில் ஊர்க் கூட்டம். பெண்கள் பின்னால் நின்றோம். அவன் படித்து முடித்ததும் வேண்டாம் என்றேன்.

"இன்னா அண்ணி, நாட்டுக்கே சட்டம் கீது. நம்ம ஊருக்கு வேணாமா?"

"நாட்டுச் சட்டத்துல எனக்கு ஓட்டு கீதுடா. உன்னுதுல எங்க கீது?"

"அண்ணி வக்கீலுக்குப் படிச்சிக்கினு கீது டோய்" என்று ஒருத்தன் சிரித்தான். "வூட்டுக்குப் போயி கொழம்பப் பாரு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"கொழம்புக்கு மீனு உங்கப்பனா குடுப்பான்?"

ஊர் முடிவு என்றால் கற்பூரம் ஏற்றித் தட்டு சுற்றி வரும். தலைக்கட்டு ஒவ்வொருவரும் தொட்டுச் சத்தியம் செய்யணும். ஒருவர் தொடாவிட்டாலும் முடிவு செல்லாது. பெண்ணுக்குத் தட்டு நீட்டுவதில்லை.

ஆம்பளைகள் எல்லோரும் தொட்டார்கள். என் கூடப்பிறந்தவனும் தொட்டான். அதோடு விட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். கொழுந்தனுக்கு ஆத்திரம். நான் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடுவேன் என்று பயம் வேறு. தட்டைப் பிடுங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"தொடு. ஆத்தா மேல சத்தியம் பண்ணு. அப்பால நீ வாயத் தொறக்கக்கூடாது."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தட்ட நீட்டிட்ட. அப்போ நானும் தலைக்கட்டு. தொட மாட்டேன்."

அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. யாரும் மறுபடி ஏற்றவில்லை.

சட்டம் செல்லவில்லை. அதிலிருந்து குப்பத்தில் என்னோடு யாரும் பேசுவதில்லை. கூலிக்கு ஆளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை என் பாடு. விம்கோ நகரிலிருந்து தங்கச்சியை வரச் சொன்னேன். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை கட்டினோம். கரையில் கொழுந்தன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்கட்டும்.