அவசர கேஸ்

கல்யாணமான முதல் வருடம் முழுக்க என் மனைவியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். படுக்கையில் எனக்குத் தொடங்கியதுமே முடிந்துவிடும். அந்த வெட்கத்தில் முதுகு வலி, கம்பெனியில் ஆடிட் என்று எதையாவது சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வேன். முதலில் "பரவாயில்லைங்க" என்பாள். பிறகு அதையும் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். திரும்பி வருவாளா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் நோட்டீஸ் பார்த்து ஏற்கெனவே ஒரு லேகியம் வாங்கித் தின்றிருந்தேன். வயிறு கெட்டதுதான் மிச்சம். அந்த சனிக்கிழமை காலை, கேம்ப் ரோட்டில் ஒரு டாக்டரிடம் போனேன். எனக்கு முன்னால் பத்துப் பேர்.

"இன்னா சார் ப்ராப்ளம்?" என்று டோக்கன் கொடுக்கும் அக்கா ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார்.

"அது வந்துக்கா... கொஞ்சம் அவசரம்."

அவர் பதறி எழுந்துவிட்டார். "எமர்ஜென்சி கேஸ், வழி வுடுங்க!" என்று என்னை முதல் ஆளாக உள்ளே தள்ளினார். கல்லடைப்பு வலியில் நெளிந்துகொண்டிருந்த பெரியவர்கூட என்னைப் பாவமாகப் பார்த்து ஒதுங்கினார். மானம் போயிற்று, ஆனால் டோக்கன் மிச்சம்.

டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நிறைய பேருக்கு இருக்கறதுதான் சார். சின்ன வயசுப் பழக்கத்தால வந்ததுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாத்திரை தரேன். ஒரு பயிற்சியும் இருக்கு. வேகம் ஏறும்போது நிறுத்தணும், அடங்கினதும் திரும்பத் தொடங்கணும். அதுக்கு ரெண்டு பேரும் வேணும். வைஃப்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் லேகியம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை எடுக்க எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேங்க. கண்ணாடி பார்க்கறதையே விட்டுட்டேன்" என்றாள்.

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. என் வெட்கத்தை மறைக்கப் போய் அவளை இப்படி நினைக்க வைத்திருக்கிறேன்.

அவள் ஊருக்குப் போகவில்லை. பயிற்சி முதல் வாரம் சிரிப்பிலேயே கெட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் "சிக்னல்" என்பாள், அவ்வளவுதான். போகப் போகப் பழகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து இருவருமாக டாக்டரிடம் போனோம். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நாங்க நல்லா இருக்கோம் டாக்டர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.